கப்பலில் வந்த இன்னொரு பயணி

(ஈப்போவில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி நெறியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய கட்டிலுக்குக் கீழே ஒரு மைலோ டின் இருக்கும். அதில் மைலோ இருக்காது, சோடா மாவுதான் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மேல் வயிறு எரிந்து எழுந்து உட்காருவார். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். பெரிதாக ஓர் ஏப்பம் வரும். "காத்து போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுப்பார். விடிவதற்குள் பிரட்டுக்குப் போக வேண்டுமே!

பாட்டி அவருடைய மிளகாயைக் குறை சொல்வார். தோட்டத்து டிரெசர் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி, சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற வெள்ளை மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவருக்குக் கவலை அதிகம் என்பார்கள். தாத்தாவும் அதையெல்லாம் நம்பினார். தன் வயிற்று வலிக்குத் தானே காரணம் என்று எண்ணியபடியே அவர் காலம் முடிந்தது.

சென்ற முறை இந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஓர் அம்மா, ஒலிப்பதிவு முடிந்த பிறகு என்னிடம் வந்தார். "தம்பி, மருந்துக் கடையில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் விட்டால், வயிற்றில் புண் உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று காட்டிவிடுமாம். வாங்கலாமா?" என்று கேட்டார்.

அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம்முடைய வரலாறு. அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

குன்மம் முதல் கேஸ்டிரிக் வரை

இந்த நோய் நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவ நூல்கள் இதைக் குன்மம் என்ற தலைப்பில் பேசுகின்றன. பசித்தால் வலிப்பதும், தின்றால் வலிப்பதும், புளித்த ஏப்பமும், நெஞ்சுக் கரிப்பும் நம் முன்னோர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. தோட்டப்புறத்தில் அது 'வாயு' ஆயிற்று. பட்டணத்துக்கு வந்த பிறகு 'கேஸ்டிரிக்' ஆயிற்று. பெயர் மாறியதே தவிர வலி மாறவில்லை.

தென்னிந்தியாவில் இந்த வலி எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி நெய்யூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. அங்கே பணியாற்றிய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல். 1922, 1924ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயக் குழுக்களில் இருந்த அதே சாமர்வெல்தான். நெய்யூரில் அவர் கண்டது சிறுகுடலின் தொடக்கத்தில் புண் வந்து தவித்த நோயாளிகளின் கூட்டம். மாத்திரையால் ஆற்ற வழியில்லாத அந்தக் காலத்தில், இரைப்பையைக் குடலோடு நேராக இணைத்துத் தைக்கும் அறுவையை அவர் ஏராளமானவர்களுக்குச் செய்தார்.

எதனால் இப்படி? மருத்துவர்கள் முதலில் சந்தேகப்பட்டது உணவைத்தான். பிறகு மைசூரில் பணியாற்றிய ஃபிராங் டோவி என்ற அறுவை மருத்துவர் இந்தியாவின் பல பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அரிசி உண்ணும் தெற்கில் புண் அதிகமாகவும், கோதுமை உண்ணும் வடக்கில் குறைவாகவும் இருப்பதைக் கண்டார். நம் வீட்டுப் பாட்டிகள் மிளகாயைச் சொன்னார்கள், மருத்துவர்கள் அரிசியைச் சொன்னார்கள். யார் சொன்னாலும் குற்றவாளி நம் தட்டில்தான் இருந்தது.

மேல்நாட்டில் இன்னொரு கொள்கை வலுவாக வேரூன்றியிருந்தது. 'அமிலம் இல்லையேல் புண் இல்லை' என்ற கருத்தை 1910இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் முன்வைத்தார். அமிலத்தைக் கூட்டுவது எது? கவலை, அவசர வாழ்க்கை, கோபம் என்றார்கள். 1976இல் அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் மாத்திரை விற்பனைக்கு வந்தபோது உலகமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அதற்கு வழிவகுத்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். புண் உண்மையிலேயே ஆறியது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்தது. என் தாத்தாவின் சோடா மாவு மூன்று மணி நேரத்துக்குச் செய்ததை அந்த மாத்திரை சில மாதங்களுக்குச் செய்தது. வேர் அப்படியே இருந்தது.

ஈஸ்டர் விடுமுறையில் முளைத்தது

வேரைக் கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த இருவர். ராபின் வாரன் நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்க்கும் மருத்துவர். 1979இல் அழற்சியுள்ள இரைப்பைத் திசுவில் வளைந்த வடிவமுள்ள கிருமிகளைக் கண்டார். 'அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி எப்படி வாழும்?' என்று பலர் அவரை நம்பவில்லை. 1981இல் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். அந்தக் கிருமியை வளர்க்க எவ்வளவோ முயன்றார்கள். இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காததால் தட்டுகளைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் நீண்ட விடுமுறையில் ஒரு தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி முளைத்திருந்தது! அது மெதுவாக வளரும் இனம், அவ்வளவுதான்.

அப்போதும் மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. இரைப்பையைச் சோதித்தபோது அழற்சி கண்டிருந்தது, கிருமியும் இருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கிருமிதான் வயிற்றுப் புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பது படிப்படியாக உறுதியாயிற்று. 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காரத்தின் மேல் நாம் போட்ட பழி அன்றோடு குறைந்திருக்க வேண்டும். காரம் புண்ணை எரிக்கலாம். ஆனால் புண்ணை உண்டாக்கிய முதல் குற்றவாளி அதுவன்று.

லயத்து வீட்டுக்குள்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1990களில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியர் கோ கியான் லீயும், நுண்ணுயிரியல் அறிஞர் பராசக்தியும் இந்தக் கிருமியைப் பற்றி விரிவாக ஆய்ந்தார்கள். அஜீரணத்துக்காகக் கேமராக் குழாய் விட்டுச் சோதிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இனவாரியாகப் பார்த்தபோது, முடிவு பலரை வியக்க வைத்தது. இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. சீனர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது. மலாய்க்காரர்களிலோ ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. கிளந்தானில் அது மிக அரிது என்று 1994இல் வெளியான இன்னோர் ஆய்வு சொன்னது.

ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே சந்தை. மிளகாய் மூன்று இனத்தார் சமையலிலும் உண்டு. பிறகு ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை தேடினால் நாம் கப்பலேறி வந்த கதைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றுகிறது. எச்சில், வாந்தி, மலம் இவற்றின் வழியாக, அதுவும் குடும்பத்துக்குள்ளேயே பரவுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் போகிறது. மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. நெருக்கடியான வீடும், சுத்தமில்லாத தண்ணீரும், சரியான கழிப்பிடம் இல்லாமையும் அதற்கு வசதி.

நம் முன்னோர் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள். ரஜூலா கப்பலின் பெயர் இன்றும் நம் முதியவர்களுக்கு நினைவிருக்கும். பினாங்கில் இறங்கியவர்களை நோய்த்தடுப்பு முகாமில் வைத்து, அம்மை இருக்கிறதா, காலரா இருக்கிறதா என்று பார்த்தார்கள். வயிற்றுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த இந்தப் பயணியைப் பார்க்க அன்று யாரிடமும் கருவி இல்லை. பயணச்சீட்டு இல்லாமலே அது இறங்கிப் பேராக் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே அதற்குக் கிடைத்த வீடு லயம். வரிசை வீட்டில் ஓர் அறை, அதற்குள் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு. பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். விடியுமுன் தாயும் தகப்பனும் காட்டுக்குப் போய்விட்டால் பிள்ளைகள் எல்லாம் ஆயாக் கொட்டகையில் ஒரே பாயில் கிடக்கும். நம்மிடம் எச்சில் பார்க்கும் வழக்கம் உண்டு. குவளையை வாயில் படாமல் அண்ணாந்து குடிப்போம். ஆனால் பத்தடி அறையில் ஏழு பேர் படுத்து, ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் இன்னொரு பிள்ளையின் மேல் படும் நிலையில் எந்த ஆசாரம் நம்மைக் காக்கும்?

தோட்டத்து மருத்துவமனைகளுக்கு அன்று மலேரியா பெரிய எதிரி. அடுத்தது கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு. வயிறு எரிகிறது என்று போனவனுக்கு வெள்ளை மருந்து கொடுத்து வேலைக்கு அனுப்பினார்கள். கங்காணி முறையில் ஆள் கொண்டுவருவது 1938இல் நின்றது. அதற்குள் இங்கேயே பிறந்த தலைமுறை வளர்ந்துவிட்டது. கிருமியும் அவர்களோடு இங்கேயே குடியுரிமை பெற்றுவிட்டது.

இதை வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். ஹெலிகோபாக்டர் கிருமிகளின் மரபணுவைப் படித்தால் அவை எந்த ஊரிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியும். மனிதன் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியபோதே இது நம்மோடு பயணப்பட்டிருக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் மலேசிய இந்தியர், சீனர், மலாய்க்காரர் மூவரின் கிருமிகளையும் ஒப்பிட்டார்கள். நம்மவர் வயிற்றில் இருந்தது இந்தியத் துணைக்கண்டத்து வம்சம். சீனர்களிடம் கிழக்காசிய வம்சம். மலாய்க்காரர்களில் கிருமி இருந்த பலரிடம் காணப்பட்டதும் இந்திய வம்சமே. அண்மைக் காலத்தில்தான் மற்ற இனத்தாரிடமிருந்து அவர்களுக்கு அது வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். தாத்தாவின் ஊர்ப் பெயரை மறந்துபோன குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. வயிற்றுக் கிருமி மறக்கவில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இது சாதியின் குறையோ இனத்தின் குறையோ அன்று. வீட்டின் குறை, தண்ணீரின் குறை. வீடும் தண்ணீரும் திருந்தியபோது கிருமியும் குறைந்தது. 1989க்கும் 2000க்கும் இடையில் அதே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம் இந்தத் தொற்றும் புண்ணும் நன்றாகக் குறைந்துவிட்டதை அங்குள்ள ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிருமி அதிகம் உள்ள இந்தியர்களைவிட, சீனர்களுக்கே நம் நாட்டில் இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது. மருத்துவர்கள் இதை 'இந்தியப் புதிர்' என்பார்கள். கிருமியின் வம்சம், நம் மரபணு, உணவு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. புற்றுநோய் குறைவு என்றால் இல்லை என்று பொருளாகாது. புண்ணில் இரத்தம் கசிந்தால் அது யாரையும் இனம் கேட்பதில்லை.

இரத்தமா, மூச்சா, மலமா?

இனி அந்த அம்மாவின் கேள்வி. கிருமியை வீட்டிலிருந்தே சோதிக்க மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது இரத்தம். விரல் குத்தி ஒரு சொட்டு விட்டால் பட்டையில் கோடு விழும். பலரும் வாங்குவது இதைத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. கிருமி ஒழிந்த பிறகும் அந்தப் பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். திருடன் போய்விட்டான், ஆனால் நாய் இன்னும் குரைக்கிறது. பத்தாண்டுக்கு முன் மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்கும் கோடு விழலாம். அதனால்தான் இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் சிகிச்சையை முடிவு செய்ய இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம் என்கின்றன. மருந்து வேலை செய்ததா என்று பார்க்க இது அறவே உதவாது.

இரண்டாவது மூச்சு. இது அழகான யோசனை. இந்தக் கிருமி அமிலத்தில் உயிர் வாழ்வதற்கு யூரியாவை உடைக்கும் ஒரு நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. உடைந்த யூரியாவிலிருந்து அம்மோனியா வரும், அது அமிலத்தைத் தணிக்கும். கூடவே கரியமில வாயுவும் வரும். அந்தத் தந்திரத்தையே நாம் பிடித்துக்கொள்கிறோம். வெறும் வயிற்றில் முதலில் ஒரு பையில் ஊத வேண்டும். பிறகு அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடித்துவிட்டு, கால் மணியோ அரை மணியோ கழித்து மீண்டும் ஊத வேண்டும். அடையாளக் கார்பன் மூச்சில் கூடியிருந்தால் உள்ளே யூரியாவை உடைத்தவன் இருக்கிறான் என்று பொருள். 1987 முதல் மருத்துவ உலகில் இது அறிமுகம். கார்பன் 13 பயன்படுத்தும் வகையில் கதிரியக்கம் சிறிதும் இல்லை. வீட்டில் ஊதி, மூச்சை அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முறையும் வெளிநாடுகளில் உண்டு.

மூன்றாவது மலம். கிருமியின் துணுக்குகள் மலத்தில் இருக்கின்றனவா என்று நேராகத் தேடுவது. வீட்டில் சிறு குப்பியில் எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் நம்பகமான முடிவு கிடைக்கும். பட்டையில் பார்க்கும் வீட்டுப் பெட்டிகளும் வருகின்றன. அவற்றின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. நம்மவர்க்குச் சொல்லவே கூச்சமான சோதனை இது. கூச்சத்தால் உயிர் பிழைத்தவர் எவரும் இல்லை.

மூச்சு, மலம் இரண்டுக்கும் ஒரு நிபந்தனை. ஓமெப்ரஸோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி பதுங்கிக்கொண்டு, சோதனை 'இல்லை' என்று பொய் சொல்லும். எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சோடா மாவு குடித்து எத்தனை நிமிடத்தில் ஏப்பம் வருகிறது என்று பார்க்கும் ஒரு சோதனையும் உலவுகிறது. அது கிருமியைப் பற்றி எதுவும் சொல்லாது.

கிருமி இருப்பது உறுதியானால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளும் அமிலத் தடுப்பும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்கள் கொடுப்பார்கள். வாய் கசக்கும், வயிறு புரட்டும். ஐந்தாம் நாள் வலி போய்விட்டதென்று நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முடித்து நான்கு வாரம் கழித்து மூச்சாலோ மலத்தாலோ மறுபடியும் சோதிக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

எல்லா வயிற்று வலிக்கும் இந்தக் கிருமியே காரணம் என்று நினைக்கவும் கூடாது. மூட்டு வலிக்கு நாம் தின்னும் மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோர்க்கு ஒரு தொல்லையும் இருக்காது. ஆனால் மலம் தார் போல் கறுத்தால், வாந்தியில் இரத்தம் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், சோறு இறங்க மறுத்தால், இரத்தச் சோகை என்றால், வீட்டுச் சோதனைக்கு அங்கே வேலையில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நடுத்தர வயதைத் தாண்டிப் புதிதாக அஜீரணம் தொடங்கினாலும் கேமராச் சோதனையே சரி.

ஆகவே அம்மா, பெட்டி வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இது இரத்தமா, மூச்சா, மலமா? இரத்தம் என்றால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் யாரை அழைத்துப் போவது?

தோட்டங்கள் இன்று பெரும்பாலும் இல்லை. துண்டாடப்பட்டன, செம்பனை ஆயின, தாமான்கள் ஆயின. அங்கே பிறந்தவர்கள் புந்தோங்கிலும் செம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். லயத்து அறையில் பாய் விரித்துப் படுத்த அந்தத் தலைமுறைக்குத்தான் இந்தக் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, "வயசாயிடுச்சு, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். அலமாரியைத் திறந்து பாருங்கள். அமிலத் தடுப்பு மாத்திரை அட்டை அட்டையாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவார்கள். ஒருமுறையாவது சோதித்தீர்களா என்று கேட்டால் விழிப்பார்கள்.

என் தாத்தாவின் இளமையில் இந்தக் கிருமிக்குப் பெயர்கூட இல்லை. பெயர் வந்து, சோதனை வந்து, மருந்தும் வந்தபோது அவர் இருந்தார். அழைத்துப் போக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறை எங்களோடு நிற்கட்டும். உங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.